தனங்கிளப்பு வீதியில் ஒரு நாள் கடை

என் கணவரின் மூத்த அக்கா குணலட்சுமிக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கல்யாண வீட்டில் கதிரை இழுத்துப் போட்டால் அதன் நுனியில் குந்துவார். பந்திக்கு இலை விழுவதற்குள் எழும்பிப் பாயச வாளியைத் தூக்கிவிடுவார். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிடும்போதும் கால் பெருவிரல் மட்டும் நிலத்தில் எதையாவது கிளறிக்கொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நான் இருந்தால் இருந்ததுதான். காலையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தேன் என்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழும்புவேன். இப்படிப்பட்ட இரண்டு பேரையும் உடுவிலில் ஒரே வளவுக்குள், ஒரு முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, கடவுள் ஏன் குடிவைத்தார் என்று பலதடவை யோசித்திருக்கிறேன்.

மச்சாள் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்கு இந்த வருஷம் ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்யவில்லை. மானிப்பாய்ப் பக்கத்தில் குடும்பநல மாதுவாக வேலை. பிள்ளைத்தாச்சிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய பழைய லேடீஸ் சைக்கிளின் முன்கூடையில் குழந்தை நிறுக்கும் தராசு எந்த நேரமும் கிடந்து கிலுங்கும். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் எப்போதோ ஸ்கூட்டிக்கு மாறிவிட்டார்கள். மச்சாள் மாறவில்லை. "அதிலை ஏறிச் சும்மா இருக்க வேணுமே" என்று முகத்தைச் சுளித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வாசலுக்கு வந்தவர், சைக்கிளில் இருந்து இறங்காமலே சொன்னார்:

"பிள்ளை, நான் பேர் குடுத்திட்டன்."

"எதுக்கு மச்சாள்?"

"இருநூறு கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டத்துக்கு. விடிய வெளிக்கிட்டு, பொழுதுபடுறதுக்கிடையிலை வந்து சேரவேணும்."

யாழ்ப்பாணத்துச் சைக்கிள்காரப் பெடியள் கூடிப் போன வருஷம் தொடங்கிய ஓட்டம் அது. குடாநாட்டுச் சுற்று என்று பெயர். கீரிமலை, பருத்தித்துறை, ஆனையிறவு, பரந்தன், பூநகரி என்று சுற்றிக்கொண்டு திரும்பவும் யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு வரவேண்டும். அதில் முதலாம் இடம் இரண்டாம் இடம் கிடையாது. பின்னேரம் ஆறரைக்குள் வந்தவர்கள் எல்லாருக்கும் பதக்கம். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வராதவர்கள் மாதிரித்தான்.

"உங்கடை வயசுக்கு உது என்னத்துக்கு மச்சாள்? முழங்கால் கழண்டு விழப்போகுது."

"ஒருக்காவாவது நேரத்துக்குப் போய்ச் சேருவம் எண்டுதான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் பிந்திப்போன அந்த ஒரு நாள் எனக்குத் தெரியும்.

என் மாமி, அதாவது இவர்களின் அம்மா, கடைசிக் காலத்தில் இளைய மகள் ஜெயகௌரியோடு தனங்கிளப்பில் இருந்தார். சாவகச்சேரிக்கு இந்தப் பக்கம், கடல்நீரேரி ஓரமாக நாவற்குழியில் இருந்து பூநகரிக்குப் போகிற வீதியில் கௌரியின் வீடு. பதினொரு வருஷத்துக்கு முன் மாசி மாதத்தில், ஒருநாள் இரவு மாமிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கௌரி விடிந்த பிறகுதான் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தாள். நானும் என் கணவர் சிவகரனும் அப்போது கொழும்பில் நின்றோம். பஸ்சுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லாத மச்சாள் உடுவிலில் இருந்து சைக்கிளிலேயே வெளிக்கிட்டார். அவர் போய் வாசல் படலையடியில் சைக்கிளைப் போட்டபோது மாமியைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

"இரவே சொல்லியிருந்தா நான் அம்மாவோடை ஒரு வார்த்தை கதைச்சிருப்பனெல்லோ" என்று செத்தவீட்டுச் சனம் எல்லாம் கேட்கக் கத்தியிருக்கிறார். "இனி உன்ரை வீட்டிலை பச்சைத்தண்ணி கூட என்ரை பல்லிலை படாது" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான்.

எங்கள் பக்கத்தில் இது சும்மா வாய்க்கு வந்த பேச்சு இல்லை. சொந்தத்துக்குள் கோபம் வந்தால் முதலில் நிற்பது தண்ணீர். கதை பேச்சு அதற்குப் பிறகுதான் நிற்கும். ஒருவர் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்று தெரிந்தால் மிச்சத்தை ஊரே விளங்கிக்கொள்ளும், யாரும் கேட்கவும் மாட்டார்கள். மச்சாள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்கு வந்தார், தனங்கிளப்புக்கு வரவில்லை. அன்றைக்குப் பிறகு நாவற்குழிப் பாலத்தை அவர் தாண்டவே இல்லை. சாவகச்சேரியில் வேலைக் கூட்டம் என்றால்கூட வேறு யாரையாவது அனுப்பிவிடுவார்.

கௌரி என்னிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். "இரவு சொன்னா அக்கா தனியச் சைக்கிளிலை வெளிக்கிட்டிடுவா மச்சாள். அந்த நேரம் இந்த வெளியிலை ஒரு லைற் இருந்ததே? விடியட்டும் எண்டு நினைச்சன். அம்மா விடியுமட்டும் இருப்பா எண்டு நினைச்சன்." இதை நான் எத்தனை தடவை குணம் மச்சாளிடம் சொல்ல எடுத்தேனோ, அத்தனை தடவையும் அவருக்கு எங்கேயோ போக அவசரம் வந்துவிடும்.

இரண்டு பேரோடும் கதைக்கிற ஆள் நான்தான். மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறிக் கௌரி வீட்டுக்குப் போவேன். திரும்பி வந்தால் மச்சாள் முருங்கை மரத்தடியில் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அங்காலை மழையோ?" என்று கேட்பார். கௌரியும் பிள்ளைகளும் சுகமோ என்று அதற்கு அர்த்தம். "மழை இல்லை, நல்ல வெயில்" என்பேன். அங்கே போனால் கௌரி, "உங்கை வெயில் கடுமையோ?" என்பாள். பதினொரு வருஷமாக இந்த இரண்டு பேருக்கும் நான் வானிலை அறிக்கை வாசித்திருக்கிறேன். இரண்டு பேரின் தலையையும் பிடித்து ஒன்றோடு ஒன்று முட்டிவிட வேண்டும் போல இருக்கும்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன்.

மச்சாளின் பயிற்சி எங்கள் வளவு முழுவதையும் படாதபாடு படுத்தியது. கோழி கூவ முன்னம் சைக்கிள் படலை தாண்டும் சத்தம் கேட்கும். காரைநகர் போய்வருவார், பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போய்வருவார், பருத்தித்துறைக்குப் போகும்போது வல்லை வெளியில் அடிக்கிற காற்றோடு சண்டை பிடித்துவிட்டு, கண் சிவக்க, வாய் நிறைய மண்ணோடு வருவார். வந்த கையோடு குளித்து வேலைக்குப் போவார். பின்னேரம் வந்தால் பொரிவிளாங்காய் பிடிப்பார். வழியில் தின்பதற்காம். அரிசியும் பயறும் வறுத்து இடித்து உருட்டியது. கல்லுப் போல இருந்தது. சிவகரன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை எறிஞ்சா நாய் செத்துப்போம்" என்றார். இத்தனை பக்கமும் சுற்றிய மச்சாள் நாவற்குழிப் பக்கம் மட்டும் சைக்கிளைத் திருப்பவில்லை.

காற்சட்டை விஷயத்தில்தான் நான் மாட்டினேன். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் இருக்கைப் பக்கம் மெத்தை வைத்த காற்சட்டை போடுவார்களாம். கடையில் விற்பதைப் பார்த்துவிட்டு வந்து, "அதைப் போட்டுக்கொண்டு நான் மானிப்பாய்ச் சந்தியாலை போனா, நான் பிள்ளை பெறுவிச்ச ஆக்களெல்லாம் ஓடி ஒளிச்சிடுவினம்" என்றார். ஆகவே சல்வாருக்குள் மறைத்துப் போட நான் ஒன்று தைக்க வேண்டியதாயிற்று. பழைய கதிரை மெத்தையை வெட்டி உள்ளே வைத்துத் தைத்தேன். முதல் நாள் போட்டுக்கொண்டு போனவர் அரைவழியில் திரும்பி வந்து, "பிள்ளை, தாறா நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். இடைக்கிடை திட்டினேன். ஆனால் அந்தத் தையலைப் போலக் கவனமாக நான் ஒரு கல்யாணச் சட்டையும் தைத்ததில்லை.

ஓட்டத்துக்கு முந்தின கிழமை எல்லாரையும் கூப்பிட்டு விதிமுறை சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். ஒழுங்கு செய்கிறவன் றஜிந்தன் என்று ஒரு பெடியன். முப்பது வயது இருக்கும், நெடுவல், சிரிக்கமாட்டான். போன வருஷம் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஓடினவர்களின் சொந்தக்காரர்கள் வழி நெடுக நின்று ஓட்டத்தையே குழப்பிவிட்டார்களாம். ஒருவனுக்கு அவன் மாமியார் வீதி ஓரத்தில் வாழையிலை விரித்துச் சோறு போட்டாராம். இன்னொருவனின் சித்தப்பா ஓட்டோவில் கூடவே வந்து, காற்றடித்த இடத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம். இயக்கச்சியில் ஒரு குடும்பம் தங்கள் பெடியனை உள்ளே கூட்டிப்போய்க் குளிக்கவைத்து, சாப்பாடும் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டது. அவன் எழும்பும்போது ஓட்டம் முடிந்திருந்தது. எங்கள் ஆட்களுக்குச் சொந்தக்காரன் ஒருவன் வியர்க்க விறுவிறுக்கப் போவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது.

"ஆனபடியாலை இந்த முறை கண்டிப்பு" என்றான் றஜிந்தன். "வழியிலை சொந்தக்காரரிட்டையோ தெரிஞ்சாக்களிட்டையோ ஒண்டும் வாங்கக்கூடாது. ஒரு வாய் தண்ணி கூட. எங்கடை தரிப்பிடங்களிலை நாங்கள் தருவம். கடையளிலை காசு குடுத்து வாங்கலாம். சும்மா ஆரிட்டையும் வாங்கினதைக் கண்டா நம்பரைக் கழட்டிப்போடுவம். மோட்டச்சைக்கிளிலை நானே பின்னுக்கும் முன்னுக்கும் திரிவன்."

பிறகு சுவரில் படம் காட்டிப் பாதையைச் சொன்னான். பூநகரியில் இருந்து சங்குப்பிட்டிப் பாலம் ஏறி, தனங்கிளப்பு ஊடாக நாவற்குழி. நான் திரும்பி மச்சாளைப் பார்த்தேன். கதிரை நுனியில் இருந்தவர் எழும்பி நின்றுவிட்டார்.

"தம்பி, சொந்தக்காரர் வாசல்லை நிண்டு பாக்கலாமோ?"

"பாக்கலாம் அக்கா. கை நீட்டக்கூடாது, அவ்வளவுதான்."

திரும்பி வந்து எங்கள் படலையடியில் வைத்து, "வேணுமெண்டா பேரை எடுத்துப்போடுவமோ மச்சாள்?" என்று கேட்டேன். "என்னத்துக்கு? ரோட்டு கவுண்மேந்தின்ரை ரோட்டு" என்றார். ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஏற்கெனவே இறுக்கின ஆணிகளைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? இரண்டாம் நாளே பஸ் ஏறித் தனங்கிளப்புக்குப் போனேன். கௌரி மா அரித்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் அரிதட்டு நின்றது.

"இந்த ரோட்டாலையோ?"

"இந்த ரோட்டாலைதான். பின்னேரமாக் கடக்கும்."

"நிப்பாவோ மச்சாள்?"

"நிக்கமாட்டா. நேரமும் காணாது. நிண்டாலும் நீ ஒண்டும் குடுக்கேலாது." றஜிந்தன் சொன்ன கண்டிப்பு முழுவதையும், கடை விஷயம் வரைக்கும், ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன்.

கௌரி மறுபடி அரிக்கத் தொடங்கினாள். என்னைப் பார்க்காமல், "அக்காவுக்கு மோர் எண்டா விருப்பம்" என்றாள். எனக்குக் கண் கரித்தது. அதை மறைக்க, "மாவைப் பாரடி, பாதி நிலத்திலை கிடக்கு" என்று அவளைப் பேசினேன்.

ஓட்டம் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலம் முற்றவெளியில் நூறு பேர் அளவில் நின்றார்கள். எல்லாரும் வண்ண வண்ண உடுப்போடு, தலைக்கவசத்தோடு, எலும்பும் தோலுமான சைக்கிள்களோடு. அதற்குள் எங்கள் மச்சாள் சல்வாரோடு, முன்கூடையில் தராசுக்குப் பதிலாகப் பொரிவிளாங்காய்ப் பையோடு. அந்தப் பையின் முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். ஊதல் சத்தம் கேட்டதும் போய்விட்டார். நான் சிவகரனை முற்றவெளியில் விட்டுவிட்டுத் தனங்கிளப்பு பஸ்சைப் பிடித்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவர் அந்தப் படலையைத் தாண்டும்போது கௌரியைத் தனியே நிற்கவிட மனம் வரவில்லை.

பஸ்சால் இறங்கிப் பார்த்தால், கௌரியின் படலைக்கு வெளியே, பூவரச மரத்தின் கீழ், வீதிக்கரையில் இருக்கிற நீட்டு மர வாங்கு ஒன்று. அதில் வெள்ளைத் துணி விரித்து, பழைய சோடாப் போத்தில்களைக் கழுவி மோர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு பிஸ்கற் பக்கற். மரத்தில் ஒரு காட்போட் மட்டை தொங்கியது. "கௌரி ஸ்ரோர்ஸ்" என்று கரியால் எழுதியிருந்தது.

"என்னடி இது?"

"கடை."

"எப்ப துவங்கினனீ?"

"விடிய. சாம்பிராணி காட்டித்தான் துவங்கினனான். பக்கத்து வீட்டுக் கதிரவேலர் முதல் வியாபாரம் செய்திட்டார்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். "கடையிலை வாங்கலாம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்? அதோடை அக்கா என்ரை வீட்டிலைதானே குடிக்கமாட்டன் எண்டவ. இது வீடில்லை."

நான் வாங்கின் ஒரு நுனியில் இருந்துவிட்டேன்.

மத்தியானம் திரும்பியதும் முதல் ஓட்டக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர் அம்பு போலப் போனார்கள். மூன்றாவது ஆள் மட்டையைக் கண்டு நின்றான். மோர் குடித்து, வாயைத் துடைத்து, "சோக்கான மோர் அக்கா" என்று காசு தந்துவிட்டுப் போனான். கௌரிக்கு முகம் மலர்ந்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். பிறகு வீதியால் போன லொறிக்காரர். சோளகக் காற்றும் வெயிலும் அடிக்கிற அடிக்கு யார்தான் நிற்கமாட்டார்கள்? போத்தில்கள் காலியாகக் காலியாகக் கௌரியின் முகம் மாறியது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வீட்டில் தயிரும் இல்லை. அவள் அந்தப் போத்திலை நனைத்த சாக்கில் சுற்றி வாங்குக்குக் கீழே தள்ளினாள்.

அடுத்து வந்த பெடியன் குனிந்து பார்த்தான். "அக்கா, கீழை ஒண்டு கிடக்கு."

"அது வித்துப்போச்சு."

"காசு கூடத் தாறன்."

"வித்துப்போச்சு எண்டுறன். வாழைப்பழம் வேணுமெண்டா எடும், இல்லாட்டி நடையைக் கட்டும்."

இப்படி ஒரு கடைக்காரியை அந்தப் பெடியன் கண்டிருக்கமாட்டான். அவன் போன கையோடு ஒரு மோட்டச்சைக்கிள் வந்து நின்றது. றஜிந்தன். மட்டையைப் பார்த்தான். வாங்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்கள் அந்த மிட்வைவ் அக்காவோடை வந்தவ எல்லோ?"

நான் வாங்கில் கிடந்த வாழைப்பழச் சீப்பைத் திருப்பி வைத்தேன். அவன் கௌரியின் பக்கம் திரும்பினான். "இது கடையோ அக்கா?"

"பின்னை என்ன, கோயிலோ?"

"அப்ப எனக்கும் ஒரு மோர் தாங்கோ."

கௌரியின் கை சாக்குப் பக்கம் போய் நின்றது. கொடுத்தால் அக்காவுக்கு இல்லை. கொடுக்காவிட்டால் கடை இல்லை. நான் மனதுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

"அது ஓர்டர்" என்றாள் கௌரி. "எடுத்து வைக்கச் சொன்ன சாமான்."

"ஆர் சொன்னது?"

"கடை எண்டா வாடிக்கைக்காரர் இருப்பினம் தம்பி. அவையின்ரை பேரெல்லாம் உமக்குச் சொல்லேலாது."

அவன் சிரிக்கவில்லை. மோட்டச்சைக்கிளை நிற்பாட்டி அதிலேயே சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். நான் மெல்ல, "மச்சாள் எவ்விடத்திலை வாறா தம்பி?" என்று கேட்டேன்.

"கடைசி ஆள் அவதான். பரந்தனிலை இருந்து பூநகரி மட்டும் எதிர்க்காத்து. இளந்தாரியளே விட்டிட்டு லொறியிலை ஏறிட்டாங்கள். இவ இறங்கேல்லை. ஆனா நேரம் மட்டுமட்டு. ஒரு இடத்திலையும் நிக்காமல் மிதிச்சா ஆறரைக்குச் சேரலாம்." சொல்லிவிட்டுக் கௌரியைப் பார்த்தான். அவள் நின்ற இடத்திலேயே மெல்லக் குந்தினாள்.

ஒரு இடத்திலும் நிற்காமல். பதினொரு வருஷம் ஓடித் திரிந்த மனுசிக்கு, நேரத்துக்குப் போய்ச் சேரக் கிடைத்த ஒரே ஒரு நாள். அதில் வந்து குறுக்கே கடை போட்டு வைத்திருக்கிறோம். "மட்டையைக் கழட்டடி, அவ போகட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வீதியின் அந்தத் தலைப்பில் சல்வார் தெரிந்தது.

தலை குனிந்து, ஒரு மிதிக்கு ஒரு தரம் உடம்பு முழுவதும் சரிந்து நிமிர, மச்சாள் வந்தார். முகத்தில் உப்புப் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. எங்களைக் கண்டார். மட்டையை வாசித்தார், வாசித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணை எடுத்து நேரே வைத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் மூச்சை விட்டேன். நல்லது, போகட்டும். கௌரி எழும்பினாள். "அக்கா" என்று கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டால் றஜிந்தனுக்கு எல்லாம் விளங்கிவிடும். அவள் கூப்பிடவில்லை. சந்தையில் மீன் விற்கிறவர்கள் கத்துவது போல, உடைந்த குரலில், வெறும் வீதியைப் பார்த்துக் கத்தினாள்:

"மோர்! குளிர் மோர்! கடைசிப் போத்தில்!"

சைக்கிள் நின்றது. ஒரு கால் நிலத்தில். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கௌரியும் றஜிந்தனும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மெல்ல, சாவகாசமாக, ஏதோ நாள் முழுவதும் கையில் இருப்பது போல, மச்சாள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். வாங்குக்கு முன்னால் நின்றார்.

"என்ன விலை?"

பதினொரு வருஷத்துக்குப் பிறகு தங்கச்சியோடு கதைத்த முதல் கதை அதுதான்.

"நூறு ரூபா."

"விலை கூட."

"அடக்க விலை வரவேணுமே" என்றாள் கௌரி.

"உப்புப் போட்டதோ?"

"போட்டது. இஞ்சியும் தட்டிப் போட்டது. அம்மா போடுற மாதிரி."

மச்சாள் இடுப்புப் பையில் இருந்து காசை எடுத்து வாங்கில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. கௌரி சாக்கைப் பிரித்துப் போத்திலை வாங்கில் வைத்தாள். அவளும் கையில் கொடுக்கவில்லை. மச்சாள் எடுத்து அண்ணாந்து, ஒரே மூச்சில், கழுத்து நரம்பு துடிக்கத் துடிக்கக் குடித்து முடித்தார். முடித்தும் போத்திலை வாயில் இருந்து எடுக்கவில்லை. அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"கடைதான்" என்றான் றஜிந்தன், யாரிடமும் இல்லாமல். மோட்டச்சைக்கிளை உதைத்துக்கொண்டு போனான்.

மச்சாள் வெறும் போத்திலைத் தன் சைக்கிள் கூடைக்குள் போட்டார்.

"போத்தில் கடைக்குத் திருப்பித் தரவேணும்" என்றாள் கௌரி.

"தெரியும். நாளைக்குக் கொண்டுவந்து தாறன்" என்று சொல்லி ஏறி மிதித்தார். போத்தில் கூடையில் கிலுங்கிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் வளைவு திரும்புமட்டும் கேட்டது.

மச்சாள் பிந்திவிட்டார். சிவகரன் ரெலிபோனில் சொன்னார். சில நிமிஷம்தான், ஆனாலும் பிந்தியதுதான். அந்தக் கண்டிப்பான றஜிந்தனே, "பரவாயில்லை அக்கா, போடலாம்" என்று பதக்கத்தை எடுத்தானாம். "பிந்தினது பிந்தினதுதான் தம்பி, அதுக்கு இப்ப என்ன செய்யிறது" என்றாராம் மச்சாள். "சிரிச்சுக்கொண்டு சொல்லுறா. வெயில் தலையிலை அடிச்சிட்டுதோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் சிவகரன்.

அடுத்த நாள் அவரால் சைக்கிளில் ஏற முடியவில்லை. கால் இரண்டும் மரக்கட்டை. என்னோடு பஸ்சில் வந்தார். கழுவின போத்திலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நாவற்குழிப் பாலத்தில் பஸ் ஏறியபோது அந்தப் பிடி இறுகியது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

கௌரி படலையில் நின்றாள். வாங்கும் மட்டையும் இல்லை.

"கடை எங்கை?" என்றார் மச்சாள்.

"பூட்டியாச்சு."

போத்திலை அவள் கையில் கொடுத்தார். இந்த முறை கையில்தான். பிறகு நொண்டி நொண்டி எங்கள் இரண்டு பேரையும் தாண்டிக் குசினிக்குள் போய், செம்பை எடுத்து, குடத்தில் மொண்டு, நின்றபடி ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்.

"மோர் கிடக்கு அக்கா."

"வேண்டாம். இது காணும்."

கௌரி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு தொடங்கினாள். "அண்டைக்கு இரவு நான் ஏன் சொல்லேல்லை எண்டா அக்கா..."

"தெரியும். நான் உந்த இருட்டுக்கை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருப்பன்தான்." செம்பைக் கவிழ்த்து வைத்தார். "அம்மா கிடந்த அறையிலை ஒரு பாய் போட்டு விடு. கால் உளையுது. கொஞ்சம் சரியிறன்."

பாய் போட்டது தெரியும். தலையணை எடுத்துக்கொண்டு போவதற்குள் மச்சாள் தூங்கிவிட்டார். கால் பெருவிரல்கூட அசையவில்லை. கௌரி முற்றத்தில் நின்று கோழிகளைச் சத்தமில்லாமல் துரத்திக்கொண்டிருந்தாள். நான்தான் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அறை வாசலுக்கும் படலைக்குமாக நடந்தேன். பின்னேர பஸ் வந்து படலையடியில் நின்று, ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. நாங்கள் ஒருவரும் மச்சாளை எழுப்பவில்லை.